ஓடையில் முதலில் இறங்குபவர்

முகாமுக்குள் எங்கள் வண்டி நுழைந்ததும் நாற்காலிகள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பின.

சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வண்டியோடு ஊர் சுற்றுகிறவர்கள் தங்குகிற எந்த முகாமுக்குப் போனாலும் இதே கூத்துதான். ஓய்வு பெற்ற ஆஸ்திரேலியாவில் பாதி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, கையில் பீர் டின்னோடு, புதிதாக வருகிறவன் தன் படுக்கை டிரெய்லரை எப்படி ரிவர்ஸ் எடுக்கிறான் என்று வேடிக்கை பார்க்கும். புருஷன் ஓட்டுவான். பெண்டாட்டி பின்னால் நின்று கை காட்டுவாள். அவன் தப்பாகத் திருப்பிவிட்டு அவளைத் திட்டுவான். அவள் "நீயே பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைப் பக்கம் நடையைக் கட்டுவாள். டிக்கெட் இல்லாத சினிமா. நானும் உட்கார்ந்து பார்த்துச் சிரித்தவள்தான், மறைப்பானேன்.

அன்றைக்குப் படமே நாங்கள்தான். ஓட்டுகிற இடத்தில் நான். பின்னால் நின்று வழி சொல்ல இறங்கியது என் புருஷன் கீத். கீத்துக்குக் கண் தெரியாது.

அடியோடு தெரியாது என்று சொல்லிவிட முடியாது. ஓரத்தில் தெரியும், நடுவில் தெரியாது. எதை நேராகப் பார்க்கிறானோ அது மட்டும் இருக்காது. அதைச் சுற்றி உள்ளதெல்லாம் இருக்கும். என் முகத்தைப் பார்த்தால் இரண்டு காதும் தெரியும், மூக்கு தெரியாது. "உன் மூக்கு போனதுல எனக்கு நஷ்டம் ஒண்ணுமில்ல" என்பான். நடுவில் இருக்கும் அந்த ஓட்டை பெரிதாகிக்கொண்டே வருகிறது என்று எங்கள் ஊர் மில்டுராவில் டாக்டர் சொன்னார். லைசென்ஸ் போன வருஷமே போயிற்று.

எங்கள் வீட்டில் நாற்பது வருஷமாக ஒரு சட்டம் உண்டு. எங்கள் வீட்டில் என்ன, இந்தச் செம்மண் பாதைகளில் போகிற எல்லா வண்டியிலும் அதே சட்டம்தான். ஓட்டுகிறவர் இறங்க மாட்டார். இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் மாட்டுப் பண்ணைக் கேட்டைத் திறந்து மூட வேண்டும், ஆப்பிள் நறுக்கித் தர வேண்டும், வரைபடத்தைப் பார்த்துத் திட்டு வாங்க வேண்டும். ஓடையில் தண்ணீர் ஓடினால் முதலில் இறங்கி, அந்தக் கரை வரை நடந்து, ஆழம் பார்த்துவிட்டு வர வேண்டும். நாற்பது வருஷமும் இடது பக்கம் நான்தான். எத்தனை ஓடை நடந்திருப்பேன் என்று கணக்கில்லை. கீத் ஸ்டியரிங்கில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் வலது பக்கம் போய்ப் பாரு நோல்" என்று என் பெயரைச் சொல்லிக் குரல் கொடுப்பான். பெரிய மகாராஜா.

இப்போது மகாராஜா பின்னால் நின்று டிரெய்லரின் தகரத்தில் கை வைத்துக்கொண்டான். இன்னொரு கையில் சக்கரம் கழற்றும் ஸ்பானர். இடது பக்கம் தட்டினால் நான் இடது பக்கம் போக வேண்டும், வலது பக்கம் தட்டினால் வலது. மடமடவென்று தட்டினால் நிறுத்த வேண்டும். இலையுதிர் காலம் முழுக்க மில்டுரா கால்பந்து மைதானத்தின் கார் நிறுத்தத்தில் இதைப் பழகியிருந்தோம். அங்கே நன்றாகத்தான் வந்தது. அங்கே நாற்காலிகள் இல்லை.

முதல் தடவை மரத்தைப் பார்த்துப் போனேன். இரண்டாவது தடவை யாரோ ஒருவருடைய துணிக்கொடியைப் பார்த்து. மூன்றாவது தடவை டிரெய்லர் வளைந்து என் முகத்தையே எட்டிப் பார்த்தது. நாற்காலிகளில் சிரிப்பு. அவற்றில் பெரிய நாற்காலியில் இருந்தவர் எழுந்து வந்தார். லாய்ட் என்று பெயர், டூவூம்பாக்காரர், தாடியைக்கூட ஸ்கேல் வைத்து வெட்டியிருந்தார். அவருடைய வெள்ளை வேன் பின்னால் பளபளவென்று நின்றது. செம்மண் பாதையில் வந்த வண்டியை அப்படித் துடைத்து வைக்கிற மனிதனை எனக்கு முதல் பார்வையிலேயே பிடிப்பதில்லை.

"தங்கம், சாவியக் குடு. ரெண்டு நிமிஷத்துல போட்டுத் தந்துர்றேன்."

"உங்க நாற்காலி வசதியா இருக்கா?" என்று கேட்டேன்.

"ஆங், ஜோரா இருக்கு."

"அப்ப அதுலயே போய் உக்காருங்க. நான் உங்க தங்கம் இல்ல."

ஆரஞ்சு தரம் பிரிக்கிற கொட்டகையில், பெல்ட் ஓடுகிற இரைச்சலுக்கு மேல் இருபத்தாறு வருஷம் கத்தியவள் நான். மெதுவாகப் பேசினாலே நாலு கூடாரத்துக்குக் கேட்கும். லாய்ட் என்னை விட்டுவிட்டுக் கீத்திடம் போனார்.

"மச்சான், பொண்டாட்டி கைல வண்டியக் குடுத்துட்டு நீ பின்னாடி வந்து நிக்கறே. தைரியசாலிதான்."

"பின்னாடி நின்னாத்தான் பத்திரம். முன்னாடி அவ எப்படி ஓட்டிட்டு வந்தான்னு நீ பாக்கலயே" என்றான் கீத்.

ஸ்பானர் மறுபடி தட்டியது. டங், டங். நான் அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு பின்னால் போனேன். கடைசியில் டிரெய்லர் உள்ளே போயிற்று. கொஞ்சம் கோணல்தான். கோணலாக நின்றால் தூக்கம் வராதா என்ன? கை தட்டினார்கள், கேலிக்குத்தான். லாய்ட் அத்தனையையும் போனில் படம் எடுத்திருக்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவர் மனைவி மெர்ல் ஒரு தட்டில் ஸ்கோன் பன் கொண்டு வந்து வைத்தாள். மெலிந்த உருவம், மெலிந்த குரல்.

"நான் அந்த வேன ஒரு தடவகூட ஓட்டினதில்ல. தார் ரோட்டுலகூட" என்றாள்.

"ஏன்?"

"கேட்டதில்ல" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் எங்கள் டிரெய்லரின் கோணலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாங்கள் எதற்கு வந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் ஐர் ஏரிக் கரையில் வந்து நின்றோம். அந்த மண்ணின் பூர்வகுடிகளான அரபானா மக்கள் அதைக் 'காட்டி தண்டா' என்பார்கள். அது அவர்களுடைய ஏரி. அன்று அதில் ஒரு சொட்டு இல்லை. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் உப்பு. "தண்ணி வர்றப்ப திரும்பி வருவோம்" என்று கீத் சொன்னான். அந்த ஏரிக்குத் தண்ணீர் வருவது நம் கையில் இல்லை. குவீன்ஸ்லாந்தில் எங்கோ கொட்டித் தீர்த்த மழை பல வாரம் நடந்து வந்து சேர வேண்டும். வந்த வருஷங்களில் எங்களுக்கு ஆரஞ்சு அறுவடை, பையன் ஷேனுடைய படிப்பு, கொட்டகையில் ஆள் பற்றாக்குறை. எப்போதும் ஏதாவது ஒன்று. இந்த வருஷம் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது என்று ரேடியோவில் சொன்னபோது கீத் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான், பாதி வெண்ணெய் மேஜையில். நான் அவன் கையிலிருந்து கத்தியை வாங்கி வைத்துவிட்டு, "கிளம்பு" என்றேன். அடுத்த வெள்ளம் எப்போது என்று யாருக்கும் தெரியாது. அவன் கண் அதுவரைக்கும் இருக்காது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

ஷேனிடம் ரென்மார்க்குக்கு, ஆற்றங்கரைக்குப் போகிறோம் என்று சொல்லியிருந்தேன். அவன் போர்ட் அகஸ்டாவில் ஒரு சுரங்கக் கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி. வேண்டாம் என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவன். அவனிடம் உண்மையைச் சொல்ல எனக்கு என்ன பைத்தியமா?

மறுநாள் காலையில் ஓடையில் தண்ணீர் ஏறியிருந்தது. முகாமிலிருந்து ஏரிக்குப் போகிற பாதையின் குறுக்கே ஓடுகிற ஓடை. எங்கள் தலைக்கு மேல் ஒரு மேகம்கூட இல்லை, எங்கோ மேற்கே பெய்திருக்கிறது. முகாம் பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள்: பாதை திறந்திருக்கிறது, நாலு சக்கரமும் இழுக்கிற உயரமான வண்டி மட்டும், டிரெய்லர் கூடாது. லாய்ட் பலகைக்கு முன்னால் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இன்றைக்கு யாரும் போக முடியாது என்று தீர்ப்புச் சொன்னார். ஓடையைப் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்க்க வேண்டியதில்லையாம், அனுபவமாம்.

டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு, கிளம்புவதற்கு முன்னால் நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, முகாம் வாசலில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பின்புறம் திறந்த ஒரு வெள்ளை யூட் வண்டி வந்து நின்றது. ஆரஞ்சுப் பாதுகாப்புச் சட்டையோடு ஷேன் இறங்கினான். வேலைக்குக் கிளம்பியவன் அப்படியே திரும்பி நாலரை மணி நேரம் ஓட்டி வந்திருக்கிறான்.

"ரென்மார்க்குன்னு சொன்னியேம்மா."

"போற வழியில கொஞ்சம் திரும்பிட்டோம்."

"கொஞ்சமா? பாலைவனத்துக்கே வந்து நிக்கறே!" போனை என் மூஞ்சிக்கு முன்னால் நீட்டினான். அதில் நான் துணிக்கொடியை நோக்கி ரிவர்ஸ் போய்க்கொண்டிருந்தேன். "நேத்து ராத்திரியே இந்த முகாம் பேரோட நெட்டுல போட்டிருக்கான், ஊரே பாத்துச் சிரிக்குது. கீழ என்ன எழுதியிருக்கான் தெரியுமா? 'குருடன் வழி காட்டறான், கிழவி வண்டி ஓட்டறா'ன்னு."

நான் லாய்ட் இருந்த பக்கம் திரும்பினேன். அவர் வேனுக்குள் அவசர வேலையாகப் போய்விட்டார்.

"ரெண்டும் உண்மைதானேடா" என்றான் கீத்.

"அப்பா, இது விளையாட்டு இல்ல. வழியில ஏதாவது ஆச்சுன்னா போன் எடுக்காது. அம்மாவுக்கு இந்த ரோடு பழக்கம் இல்ல."

"இந்த ரோடு எனக்குப் பழக்கம் இல்லயா? நீ வயித்துல இருக்கறப்பவே நான் இந்த ரோட்டுல ஓடை நடந்தவ!"

"நடந்தே. ஓட்டல."

அது சரிதான், அதனாலேயே எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. "ஏரிய உங்கப்பாவுக்குக் காட்டிட்டுத்தான் திரும்புவேன். ஆம்புலன்ஸ், போலீஸ், யார வேணா கூப்பிட்டுக்கோ."

"எதுக்கும்மா? அப்பாவுக்குத்தான் கண்ணே தெரியலயே. ஏரியப் பாத்து என்ன பண்ணப் போறாரு?"

சொன்ன பிறகுதான் அவன் வாயை மூடினான். கீத் எழுந்து, தன் தகரக் குவளையைத் தடவி எடுத்துக்கொண்டு, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனான். கழுவ அந்தக் குவளையில் ஒன்றுமில்லை, ஆனாலும் கழுவிக்கொண்டே இருந்தான். பெற்ற பிள்ளையை அறைய வேண்டும் என்று எனக்கு வாழ்க்கையில் அன்றுதான் தோன்றியது. நாற்பத்திரண்டு வயசு ஆள், என் கைக்கு அவன் கன்னம் எட்டாது.

ஷேனும் சும்மா இருக்கவில்லை. மேஜை மேல் கிடந்த எங்கள் வண்டிச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டு, பையின் பட்டனையும் போட்டான். "ஒரு வாய் சாப்ட்டுட்டுக் கிளம்பறோம். நான்தான் ஓட்டுவேன். என் வண்டிய அப்புறம் வந்து எடுத்துக்கறேன்." முகாமின் சமையல் கொட்டகைக்குப் போனான். அவனுக்குப் பசித்தால் மூளை வேலை செய்யாது, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

கீத் குவளையோடு திரும்பி வந்தான். "நோல்" என்றான் மெதுவாக, "கம்பி துருப்பிடிச்சிருக்கும். கட்டிங் பிளேயர் வேணும்."

எந்தக் கம்பி என்று நான் கேட்கவில்லை. கடைக்குப் பக்கத்தில் கடை இருக்கிற ஊர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் பக்கத்து வண்டிகளில் மாற்றுச் சாவி ஒன்று வண்டிக்கு அடியில், சட்டத்தின் உள்பக்கம், வேலிக் கம்பியால் கட்டித் தொங்கும். ஒரு தடவை நடுக்காட்டில் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுக் கண்ணாடியை உடைத்தவர்கள் எல்லோரும் கற்றுக்கொண்ட பாடம். கீத்தும் அப்படித்தான் கற்றுக்கொண்டான். எங்கள் பிளேயரோ டிரெய்லரின் அடிப்பெட்டியில், கூடாரத்துக்கும் மெத்தைக்கும் கீழே.

நான் திரும்பினேன். மெர்ல் நின்றுகொண்டிருந்தாள், பேச்சு காதில் விழுந்திருக்க வேண்டும், கையில் சிவப்புப் பிடி போட்ட பிளேயர். லாய்டின் கருவிப் பெட்டியை யாரும் தொடக் கூடாது என்று முந்தின நாள் அவளே சொல்லியிருந்தாள்.

"எனக்கும் ஏரி பாக்கணும்" என்றாள்.

"ஏறிக்கோ."

மண்ணில் மல்லாக்கப் படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தேன். அறுபத்தெட்டு வயசில் நுழைவது சுலபம், வெளியே வருவதுதான் கஷ்டம். மூக்கில் ஈ. கண்ணில் துரு. கீத் கட்டினால் பத்து ஜென்மத்துக்குக் கட்டுவான். நான்கு சுற்று வெட்டிய பிறகுதான் சாவி நெஞ்சில் விழுந்தது. கீத் என் காலைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டான்.

வண்டி உறுமியதும் ஷேன் பாதி சாண்ட்விச்சோடு கொட்டகையிலிருந்து வெளியே ஓடி வந்தான். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கையை ஆட்டினேன், மரியாதையாக.

கொஞ்ச தூரத்தில் பண்ணைக் கேட் வந்தது. கீத் இறங்கினான். சங்கிலியைக் கையால் தேடிப் பிடித்து, கொக்கியைக் கழற்றி, கேட்டைத் தள்ளி, நான் உள்ளே போனதும் மூடினான். நான் செய்ததைவிட நிதானமாக, ஆனால் சரியாக. அதற்குள் ஷேனுடைய யூட் பின்னால் வந்துவிட்டது. அதில் அவனுக்குப் பக்கத்தில் லாய்ட் உட்கார்ந்திருந்தார், மடியில் மடக்கு நாற்காலி. இலவச சினிமாவை விட்டுவிட அவருக்கு மனசு வரவில்லை.

ஓடை நான் நினைத்ததைவிட அகலமாக இருந்தது. தண்ணீர் பால் விட்ட தேநீர் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வேகம் பரவாயில்லை. அந்தக் கரையில் பாதை ஏறிப் போவது தெரிந்தது. நடுவில் என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை. என் வாய் எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஓடைக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

பழக்கத்தில் நான் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கப் போனேன். கீத் என் தோளில் கை வைத்தான்.

"எங்க போற?"

"நடந்து பாக்க."

"ஓட்டறவங்க எறங்கறதில்ல. சட்டம்னா சட்டம்தான்." கால்சட்டையைக்கூட மடிக்காமல், பூட்ஸோடு இறங்கினான். பின்பக்கம் கட்டியிருந்த நீளப் பிடி மண்வெட்டியை எடுத்துக்கொண்டான்.

ஷேன் யூட்டிலிருந்து குதித்து வந்தான். பாதுகாப்பு அதிகாரிக் குரல் வந்துவிட்டது. "யாரும் தண்ணியில எறங்கக் கூடாது! அப்பா, நில்லு. உனக்குக் கண்ணு தெரியாது, நீ எப்படி ஆழம் பாப்பே?"

கீத் தண்ணீருக்கு ஓரத்தில் நின்று திரும்பினான். "தண்ணியப் பாரு. அடி தெரியுதா?"

ஷேன் குனிந்து பார்த்தான்.

"லாய்ட், அனுபவஸ்தா, உனக்குத் தெரியுதா?"

"சேத்துத் தண்ணில எவனுக்குய்யா தெரியும்?"

"மெர்ல்? நோல்? யாருக்காவது? இல்லயா? அப்ப இந்த எடத்துல நாம அஞ்சு பேரும் குருடுதான். ஆனா எனக்கு மட்டும் பழக்கம் இருக்கு."

சொல்லிவிட்டு இறங்கிவிட்டான்.

நாற்பது வருஷம் நான் நடந்தபோது அவன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து என்ன பட்டிருப்பான் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. மகாராஜா மாதிரித் தெரிந்ததெல்லாம் நடிப்பு. அவன் மண்வெட்டிப் பிடியால் முன்னால் குத்தினான், ஒரு காலை வைத்தான், அழுத்திப் பார்த்தான், அடுத்த காலை வைத்தான். கணுக்கால். முழங்கால். நின்றான். குத்தினான். வலது பக்கம் விலகினான். கல்லின் மேல் பூட்ஸ் உரசுகிற சத்தம் தண்ணீருக்கு மேல் எனக்குக் கேட்டது, அல்லது கேட்டது மாதிரி இருந்தது. முழங்காலுக்கு மேல் ஏறவே இல்லை. அந்தக் கரையில் ஏறி, தொப்பியைக் கழற்றி ஆட்டினான், எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி இருந்த ஒரு மரத்தைப் பார்த்து.

"பாத்தீங்களா, போயிட்டாரு!" என்று மெர்ல் பின் இருக்கையிலிருந்து கத்தினாள்.

"போனது ஒரு தடம்தான்" என்றான் கீத் அங்கிருந்து. "வண்டிக்கு ரெண்டு பக்கம் சக்கரம் இருக்கு. இன்னொரு தடம் பாத்துக்கிட்டே வர்றேன்."

மறுபடி இறங்கினான். ஷேனால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. என்ன இருந்தாலும் என் வயிற்றுப் பிள்ளை. "நில்லுப்பா, நான் வர்றேன்" என்று கத்திக்கொண்டே தண்ணீருக்குள் விறுவிறுவென்று நடந்தான். குத்திப் பார்க்கவில்லை, காலை அழுத்திப் பார்க்கவில்லை. சலசலவென்று ஓடுகிற இடத்தை விட்டுவிட்டு, அமைதியாக, வழவழவென்று இருந்த இடமாகப் பார்த்துப் போனான். கண் உள்ளவர்கள் செய்கிற தப்பு அதுதான். சத்தம் போடுகிற தண்ணீருக்கு அடியில் கல் இருக்கும். சத்தமே போடாத தண்ணீருக்கு அடியில் குழிதான் இருக்கும். பாதி தூரம் போகும்போது இடுப்பு வரைக்கும் மறைந்துபோனான்.

கீத் சத்தத்தைக் கேட்டு இரண்டு எட்டில் வந்து, மண்வெட்டிப் பிடியை நீட்டினான். ஷேன் அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினான், தாடை வரை சேறு தெறித்திருந்தது.

"பாத்து நடடா" என்றான் கீத்.

மெர்ல் சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. லாய்ட் நாற்காலியை விரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னய்யா லாய்ட், படம் எடுக்கலயா?" என்று கேட்டேன்.

போன் அவர் பையிலேயே இருந்தது.

"இங்கதான் குழி. இதுக்கு இந்தப் பக்கம் கெட்டியா இருக்கு, ரெண்டு தடமும்" என்றான் கீத். "ஷேன், நீ இந்தக் கல்லு மேலயே நில்லு. அசையாதே. உங்கம்மாவுக்கு அடையாளம் வேணும்."

"நானா?"

"ஆரஞ்சுச் சட்டை உன்கிட்டதானே இருக்கு."

அப்படியாகச் சுரங்கக் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி ஓடை நடுவில் கம்பம் மாதிரி நின்றான். கீத் மறுபடி அந்தக் கரைக்குப் போய், பின் பையிலிருந்து ஸ்பானரை எடுத்தான். பாதையின் ஓரத்தில் நட்டிருந்த இரும்புக் கம்பத்தைத் தொட்டுத் தேடிப் பிடித்தான். டங், டங், டங், நிதானமாக. இங்கே வா, இங்கே வா என்று.

வண்டியை நாலு சக்கர இழுவைக்கு மாற்றிக் கீழ் கியரில் போட்டேன். இறங்கின பிறகு கியர் மாற்றக் கூடாது, காலை எடுக்கக் கூடாது, நிற்கக் கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். நாற்பது வருஷம் இடது பக்கத்திலிருந்து பார்த்தவளுக்கு என்ன தெரியாது? தண்ணீர் கதவைத் தள்ளியது. முன் சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கியது. ஒரு நிமிஷம் பின்பக்கம் வழுக்கிக் குழிப் பக்கமாக நகர்ந்தது, மெர்ல் என் இருக்கையின் தலைச்சாய்வை இறுகப் பிடித்துக்கொண்டாள். நான் காலை எடுக்கவில்லை. ஆரஞ்சுச் சட்டையை ஒட்டிக் கடந்தேன். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான். டங், டங். வண்டி மூக்கு நிமிர்ந்தது. வண்டி தண்ணீரைச் சொட்டிக்கொண்டே கரையேறிற்று.

"மெர்ல்!" என்று நாங்கள் விட்டு வந்த கரையிலிருந்து லாய்ட் கூப்பிட்டார். "எங்க போற? ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன பண்றது?"

மெர்ல் கண்ணாடியை இறக்கினாள். "சாசேஜ் ஃப்ரிட்ஜுல இருக்கு. அடுப்பு அதுக்குப் பக்கத்துலயே இருக்கு."

மெலிந்த குரல் என்று சொன்னேனே, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஷேன் தண்ணீர் சொட்டச் சொட்டப் பின் இருக்கையில் மெர்லுக்குப் பக்கத்தில் ஏறினான். அவனுடைய யூட் அந்தக் கரையில் கிடந்தது, லாய்ட் காவலுக்கு.

ஏரி வந்தது. பாதை முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தினேன். தண்ணீரில் இறங்கக் கூடாது, அரபானா மக்கள் கேட்டுக்கொண்டது அது. நாங்கள் கரையிலேயே நின்றோம். அன்றைக்கு நாங்கள் உப்பாகப் பார்த்ததெல்லாம் இன்றைக்குத் தண்ணீராக இருந்தது. எதிர்க் கரை கிடையாது. தூரத்தில் கூழைக்கடாக்கள் கூட்டமாக மிதந்தன. இத்தனை தூரத்துக்கு அவற்றுக்கு யார் தகவல் சொன்னார்களோ.

கீத் கரையோரத்தில் போய் நின்றான். நேராகப் பார்த்தான். இத்தனை பேரிடம் சண்டை போட்டு இவனை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன், இவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்றால்? அந்தக் கேள்வியை என் வாயால் கேட்க முடியவில்லை. கேட்டது ஷேன்தான், மெதுவாக.

"அப்பா, தெரியுதா?"

கீத் தலையை இடது பக்கம் திருப்பினான், பிறகு வலது பக்கம், மறுபடி நேராக வந்தான்.

"நடுவுல ஒரு ஓட்டை. அங்க ஒண்ணுமில்ல."

ஷேன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆனா ஓட்டைக்கு இந்தப் பக்கம் தண்ணி" என்றான் கீத். "அந்தப் பக்கமும் தண்ணி. எவ்வளவு திரும்பினாலும் தண்ணி. ஏரி பெருசுடா. என் ஓட்டை அத முழுங்கப் பாக்குது, முடியல." அவன் சிரித்தான். "முடியல நோல், பாரு, அதால முடியல!"

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுதேன், அதில் என்ன வெட்கம். மெர்லும் அழுதாள். ஷேன் எங்களைப் பார்க்காமல் தண்ணீரையே வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

வெயில் சாயத் தொடங்கியது. ஷேன் நனைந்த சட்டைப் பையின் பட்டனைக் கழற்றிச் சாவியை வெளியே எடுத்தான். கையில் வைத்துப் புரட்டினான்.

"திரும்பிப் போறப்ப நான் ஓட்டட்டுமாம்மா?"

"வேணாம். நீ முன்னாடி இடது பக்கம் உக்காரு. கேட் தெறக்க ஆள் வேணும்."

"அப்ப ஓடைக்கு?"

"கேட்டுக்கு நீ" என்றான் கீத், ஏரியிலிருந்து முகத்தைத் திருப்பாமலே. "ஓடைக்கு நான்."

ஷேன் சாவியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, சுற்றிப் போய் இடது பக்கக் கதவைத் திறந்தான்.